திருமறையும் துணைநூல்களும்: கிறிஸ்தவ வாசிப்பின் ஒழுங்கு குறித்து

கிறிஸ்தவ சமயம் ஒரு நூலை மையமாகக் கொண்டது. அந்த ஒரு நூலைச் சுற்றி எண்ணற்ற நூல்கள் தோன்றக் காரணமாகவும் இருந்தது. மீட்புக்குத் தேவையான அனைத்தும் திருமறையில் அடங்கியிருக்கிறது என்று நம்புகிறவர்களே உரைகளையும், வினாவிடை நூல்களையும், அடியார் வரலாறுகளையும், தியான நூல்களையும் நூற்றாண்டுதோறும் எழுதி வந்திருக்கிறார்கள். ஆகையால் சமயக் கல்வியில் ஈடுபட விரும்பும் ஒருவர்முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. திருமறை போதுமென்றால் பிற நூல்கள் எதற்கு என்பது முதற்கேள்வி. பிற நூல்களும் வேண்டுமென்றால் அவற்றுள் எவற்றை, எந்த வரிசையில், எந்த மனநிலையோடு படிப்பது என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்குத் தாவுகிறவர், யாரோ தொகுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைக்க நேரும். திருச்சபையின் மரபில் தோன்றிய சிறந்த நூற்பரிந்துரைகள் நூற்பெயர்களோடு நின்றுவிடுவதில்லை. படிப்பவர் எத்தகைய மனிதராக வேண்டும் என்பதையும் அவை வகுத்துக் காட்டுகின்றன. அந்த ஒழுங்கை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வதால் பெரும்பயன் விளையாது என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

திருமறை போதாதா?

பிற நூல்கள் வேண்டாம் என்னும் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதை வன்மையாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், தம் வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டே இருந்த மார்ட்டின் லூத்தர். 1539ஆம் ஆண்டு தம் ஜெர்மன் மொழி எழுத்துகளின் தொகுப்புக்கு முன்னுரை எழுதியபோது, தம் நூல்கள் யாவும் மறைந்துபோய் மக்கள் திருமறையையே படிப்பதுதான் தமக்கு விருப்பம் என்று அவர் குறிப்பிட்டார். உரைகள் பெருகப் பெருக மூலநூல் அவற்றின் அடியில் புதைந்துவிடும் என்ற அச்சமே அவரை அவ்வாறு எழுதவைத்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இறையியல் பயின்றவர்கள், பீட்டர் லொம்பார்டு 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'வாக்கியங்கள்' என்னும் பாடநூலுக்கு விரிவுரை செய்வதில் நெடுங்காலத்தைச் செலவிட்டார்கள். தொகுப்புநூலே கல்வியின் மையமாக அமர்ந்துகொண்டது. ஆயினும் இதே லூத்தர்தான் 1529இல், குடும்பத் தலைவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் பணியாளர்களுக்கும் கற்பிக்கத் தக்கதாகச் 'சிறிய ஞானோபதேசம்' என்னும் வினாவிடை நூலை எழுதினார். பத்துக் கட்டளைகள், விசுவாச அறிக்கை, ஆண்டவர் கற்பித்த மன்றாட்டு ஆகியவற்றுக்குச் சுருக்கமான விளக்கம் இல்லாமல் எளிய மக்கள் திருமறைக்குள் நுழைவது கடினம் என்பதை அவர் ஊர்ப் பங்குகளை நேரில் பார்வையிட்டபோது உணர்ந்திருந்தார்.

18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, தம்மைத் திருமறை ஒன்றிலேயே தேர்ந்த மனிதர் என்று கருதிக்கொண்டவர். அவரே, திருமறையைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்று பெருமை பேசிய உபதேசிகளைக் கண்டித்து, அப்படியானால் அவர்கள் பவுலையும் விஞ்சியவர்கள் ஆகிவிடுவார்கள் என்று எடுத்துக்காட்டினார். பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதிப் பகுதியே அவருக்குச் சான்று. சிறையில் இருந்துகொண்டு, தம் இறப்பு நெருங்கிவிட்டதை அறிந்த நிலையிலும், துரோவாவில் விட்டுவந்த மேலாடையோடு நூல்களையும், சிறப்பாகத் தோல்சுருள்களையும் கொண்டுவருமாறு பவுல் அதில் கேட்டுக்கொள்கிறார். மூன்றாம் வானம்வரை எடுத்துச்செல்லப்பட்ட அனுபவத்தைப் பற்றிப் பேசிய ஒருவர், வாழ்வின் கடைசி நாள்களிலும் படிப்பதற்கு நூல் கேட்கிறார் என்பது சிந்திக்கத் தக்கது.

இந்தக் கேள்வியை அடிப்படையிலிருந்து ஆராய்ந்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். 'கிறிஸ்தவப் போதனை குறித்து' என்னும் நூலை ஏறத்தாழ 396இல் தொடங்கி, இடையில் நிறுத்தி, 426 அளவில் முடித்த அவர், அதன் முகவுரையிலேயே ஒரு மறுப்பை எதிர்கொள்கிறார். தூய ஆவியார் நேரடியாகக் கற்பிக்கும்போது மனிதர் வகுத்த விதிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அவர்களும் எழுத்தை ஒரு மனிதரிடமிருந்துதானே கற்றார்கள் என்பதை அவர் நினைவூட்டுகிறார். கடவுள் நினைத்தால் வானதூதர் வழியாகவே அனைத்தையும் கற்பித்திருக்க முடியும். ஆனால் ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்கு எதையும் கற்பிக்க வேண்டியதில்லை என்றால், மனிதரை மனிதரோடு பிணைக்கும் அன்புக்கு வழியே இல்லாமல் போய்விடும் என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. ஆகவே நூல் என்பது தனிமனிதனின் அறிவுச் சேமிப்புக்கான கருவி என்று தோன்றினாலும், அகுஸ்தீனின் பார்வையில் அது மனித உறவின் ஒரு வடிவம். இறந்தவரும் உயிரோடிருப்பவருக்குக் கற்பிக்கும் வழி.

அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர். தேரில் அமர்ந்து இறைவாக்கினர் எசாயாவின் சுருளைப் படித்துக்கொண்டிருந்த அவருக்குச் சொற்கள் விளங்கின. அவை யாரைக் குறிக்கின்றன என்பது விளங்கவில்லை. பிலிப்பு தேரில் ஏறி அமர்ந்து, அவர் படித்துக்கொண்டிருந்த அதே பகுதியிலிருந்து தொடங்கி விளக்குகிறார். இந்நிகழ்ச்சியின் முடிவு துணைநூல்களின் இடத்தைத் துல்லியமாக வரையறுக்கிறது. அமைச்சர் திருமுழுக்குப் பெற்றுக் கரையேறியதும் பிலிப்பு அங்கிருந்து அகற்றப்படுகிறார். அமைச்சரோ அவரைத் தேடி வருந்தாமல் மகிழ்ச்சியோடு தம் வழியே செல்கிறார். படிப்பவர் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கி, அவரைத் திருமறையின் மையப் பொருளிடம் கொண்டுசேர்த்து, அதன்பின் தான் விலகிக்கொள்ளும் நூலே நல்ல துணைநூல். தன்னையே மீண்டும் மீண்டும் நாடவைத்து மூலநூலிடம் செல்லவிடாத நூல், எவ்வளவு புலமை உடையதாயினும், லூத்தரின் அச்சத்தை மெய்ப்பிக்கிறது.

தவக்காலத்துக்கு ஒரு நூல்

கிறிஸ்தவ மரபின் மிகப் பழைய நூற்பரிந்துரைகளுள் ஒன்று, 6ஆம் நூற்றாண்டில் நூர்சியாவின் பெனடிக்டு தம் துறவியருக்காக எழுதிய 'ஒழுங்குநூல்'. வழிபாடு, உழைப்பு, உணவு, உறக்கம் ஆகிய அனைத்துக்கும் நேரம் வகுக்கும் அச்சிறு நூல், படிப்புக்கும் நேரம் வகுக்கிறது. அதன் 48ஆம் அதிகாரத்தின்படி, தவக்காலத் தொடக்கத்தில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பின் தொடக்கத்தில், ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் வழங்கப்பட வேண்டும். அதை அவர் முதலிலிருந்து முடிவுவரை வரிசையாக முழுவதும் படிக்க வேண்டும். படிப்பு நேரத்தில் மூத்த துறவியர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, சோம்பியிருப்பவரையும் வீண்பேச்சில் ஈடுபடுபவரையும் கண்டறிந்து திருத்த வேண்டும் என்றும் அவ்வதிகாரம் சொல்கிறது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று. நூலைத் துறவி தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அது அவருக்கு வழங்கப்படுகிறது. ஆகவே தம் விருப்பத்துக்கு ஒவ்வாத நூலும், தமக்குத் தெரியாத குறையைச் சுட்டும் நூலும் அவர் கைக்கு வரக்கூடும். அடுத்து, நூல் ஒன்றே ஒன்று. பலவற்றை ஒரே நேரத்தில் தொட்டு, எதையும் முடிக்காமல் விடும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. மூன்றாவதாக, இனிக்கும் பகுதிகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளாமல் நூலை முழுமையாகக் கடக்க வேண்டும். ஆசிரியர் தொடுக்கும் வாதத்தின் கடினமான கண்ணியையும் படிப்பவர் கடந்துசெல்ல வேண்டும். நோன்பு உணவில் கடைப்பிடிக்கும் அடக்கத்தையே படிப்பிலும் கோருகிறது இந்த விதி.

நேரத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப நூலைத் தெரிவு செய்வதிலும் பெனடிக்டு நுட்பமானவர். மாலை உணவுக்குப்பின் ஒருவர் மற்றவர்களுக்கு உரக்கப் படிக்க வேண்டிய நூல்களாக ஜான் காசியனின் 'உரையாடல்கள்', பாலைநிலத் துறவியரின் வாழ்க்கை வரலாறுகள் போன்றவற்றைக் குறிக்கும் 42ஆம் அதிகாரம், பழைய ஏற்பாட்டின் முதல் ஏழு நூல்களையும் அரசர்களின் நூல்களையும் அந்த வேளையில் படிக்க வேண்டாம் என்கிறது. போர்களும் வீழ்ச்சிகளும் நிறைந்த அந்த வரலாறுகள் திருமறையின் பகுதிகளே என்றாலும், உறங்கப்போகும் வேளையில் பக்குவமற்ற மனத்துக்கு அவை உதவமாட்டா என்றும், பிற நேரங்களில் அவற்றைப் படிக்கலாம் என்றும் விளக்கம் தருகிறது. நூலின் சிறப்பு ஒன்று, அது குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட வேளையில் தரும் பயன் வேறொன்று என்னும் இந்த வேறுபாட்டைப் பிற்காலப் பட்டியல்கள் பல மறந்துவிட்டன. ஒழுங்குநூலின் கடைசி அதிகாரமான 73இல், தம் நூல் தொடக்க நிலையினருக்கான சிறு வழிகாட்டி மட்டுமே என்று கூறும் பெனடிக்டு, மேலே செல்ல விரும்புவோருக்குத் திருமறை, திருச்சபைத் தந்தையரின் எழுத்துகள், காசியனின் நூல்கள், பசிலியாரின் ஒழுங்கு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி விடைபெறுகிறார். தன்னைக் கடந்துசெல்லுமாறு சொல்லி முடியும் நூல் அது.

ஓரத்தில் இட்ட குறி

பெனடிக்டின் காலத்தை ஒட்டி வாழ்ந்த காசியோடோருஸ், இத்தாலியை ஆண்ட ஓஸ்ட்ரோகோத்து மன்னன் தியோதோரிக்கின் அவையில் உயர் பதவி வகித்தவர். உரோமையில் ஒரு கிறிஸ்தவக் கல்விக்கூடம் நிறுவ அவர் திருத்தந்தை அகப்பேத்துவோடு சேர்ந்து தீட்டிய திட்டம் போரினால் நிறைவேறாமல் போக, பின்னாளில் தென் இத்தாலியில் தம் குடும்ப நிலத்தில் விவாரியும் என்னும் மடத்தை நிறுவி, ஆசிரியர் இல்லாத குறையை நிரப்ப ஒரு நூலையே ஆசிரியராக எழுதினார். 'இறையியல், உலகியல் கல்விகளுக்கான வழிகாட்டி' என்று பொருள்படும் அந்நூலின் முதற்பகுதி, திருமறையை நூல் நூலாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் யார் எழுதிய உரையைப் படிக்க வேண்டும், எது மடத்தின் நூலகத்தில் உள்ளது, எதை இன்னும் தேட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. இரண்டாம் பகுதி இலக்கணம், அணியியல், தருக்கம், எண்கணிதம் முதலிய ஏழு கலைகளை அறிமுகம் செய்கிறது. திருமறை மனித மொழியில் எழுதப்பட்டிருப்பதால் மொழியின் இயல்பை அறியாதவர் அதை முழுமையாக அறிய முடியாது என்பது அதன் அடிப்படை. நூற்கல்வியில் நாட்டம் குறைந்த துறவியருக்குத் தோட்டக்கலை, வேளாண்மை பற்றிய நூல்களையும் அவர் பரிந்துரைக்கிறார் என்பது, அவருடைய கல்விப் பார்வையின் பரப்பையும் கனிவையும் புலப்படுத்துகிறது.

ஐயத்துக்கிடமான நூல்களை அவர் கையாண்ட முறை தனியே எண்ணத்தக்கது. 3ஆம் நூற்றாண்டின் மாபெரும் உரையாசிரியரான ஓரிகன், திருமறை விளக்கத்தில் ஒப்பற்றவர்; ஆனால் அவருடைய சில கருத்துகள் திருச்சபையால் ஏற்கப்படாதவை. காசியோடோருஸ் அவருடைய நூல்களை அகற்றவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கவும் இல்லை. ஏற்கத் தகாத பகுதிகள் வருமிடத்தில், பயனற்றது என்று பொருள்படும் கிரேக்கக் குறியை ஓரத்தில் இட்டு, மற்றவற்றைப் படிக்குமாறு விட்டுவைத்தார். கருத்து வேறுபாடுடைய பிரிவைச் சார்ந்த தீக்கோனியுஸ் திருவெளிப்பாட்டுக்கு எழுதிய உரையில், நல்ல பகுதிகளுக்கு ஒரு குறியும் அல்லாதவற்றுக்கு மற்றொரு குறியுமாக இட்டார். இதற்கு நேர்மாறான வழியைப் பிற்காலத்தில் காணலாம். உரோமைத் திருச்சபை 1559இல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல், பல முறை விரிவாக்கப்பட்டு, 1966இல்தான் தன் சட்ட வலிமையை இழந்தது. தடை, படிப்பவரைக் குழந்தையாகவே வைத்திருக்கிறது. குறி, அவரை வளர்க்கிறது. 4ஆம் நூற்றாண்டில் பசிலியார், கிரேக்க இலக்கியத்தை இளைஞர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதியபோது, எல்லா மலரையும் நாடாமலும், நாடிய மலரையும் முழுதாகத் தூக்கிச் செல்லாமலும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் தேனீயை முன்மாதிரியாகக் காட்டினார். அந்தப் பகுத்தறியும் திறனைப் படிப்பவரிடம் உண்டாக்குவதே நல்ல பரிந்துரையின் நோக்கம்.

எவற்றைப் படிப்பது

இந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்ட பின்னரே நூற்பெயர்களுக்கு வர முடியும். திருமறையை, அதிலும் நற்செய்தி நூல்களையும் திருப்பாடல்களையும், அன்றாடம் படிப்பதை முன்னிபந்தனையாகக் கொண்டு, அதற்குத் துணையாகச் சில நூல்களை இங்கே குறிக்கலாம். எண்ணிக்கை குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. ஒவ்வொரு நூலும் மற்றொன்றின் குறையை நிரப்புவதாக அமைய வேண்டும் என்பதே தெரிவின் அடிப்படை.

கோட்பாட்டுக்கு, அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார் 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'வார்த்தை மனுவுருவானது பற்றி' என்னும் சிறுநூல் முதலில் நிற்கிறது. மனுவுருவாதல் என்பது கடவுளின் மகன் மனித உடலெடுத்தார் என்னும் கோட்பாடு. கடவுள் ஏன் மனிதரானார் என்னும் கேள்வியைப் படைப்பிலிருந்து தொடங்கும் அத்தனாசியார், அழிவை நோக்கிச் சரியும் மனிதகுலத்தைப் படைத்தவரே மீண்டும் உருவாக்க வந்தார் என்று காட்டுகிறார். தாமஸ் அக்குவினாஸ் 1265க்கும் 1274க்கும் இடையில் எழுதி முடிக்காமல் விட்ட 'இறையியல் தொகுப்பு', 1536இல் ஆறு அதிகாரங்களோடு வெளிவந்து 1559இல் எண்பது அதிகாரங்களாக விரிந்த ஜான் கால்வினின் 'கிறிஸ்தவ சமயப் போதனை' ஆகியவை பெருநூல்கள். இரண்டும் தொடக்கநிலை மாணவருக்காகவே எழுதப்பட்டதாக அவற்றின் ஆசிரியர்கள் கருதினாலும், இன்றைய வாசகர் அத்தனாசியாரையும் தம் சபையின் வினாவிடை நூலையும் கடந்த பின்னர் அவற்றை அணுகுவது நன்று.

நம்பிக்கை ஒரு மனித வாழ்வில் எப்படி வேரூன்றுகிறது என்பதை அறிய இரண்டு தன்வரலாறுகள் உதவும். ஒன்று, கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில் மறைசாட்சியாக இறந்த பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்புகள். ஏறத்தாழ 22 வயதுடைய, பால்குடிக்கும் குழந்தையைக் கொண்ட அப்பெண், நம்பிக்கையை மறுதலிக்குமாறு தந்தை மன்றாடியதையும், குழந்தையைப் பற்றிய கவலையையும், தாம் கண்ட காட்சிகளையும் தாமே பதிவு செய்திருக்கிறார். கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைமையானவற்றில் ஒன்று அது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். மற்றொன்று, 397 முதல் 400 வரையான காலத்தில் அகுஸ்தீன் எழுதிய 'ஒப்புகைகள்'. பதின்மூன்று பகுதிகளாக உள்ள அந்நூலில் வாழ்க்கை வரலாறு ஒன்பதாம் பகுதியோடு முடிந்துவிடுவதால், பலர் அங்கேயே நூலை மூடிவிடுகிறார்கள். ஆனால் பத்தாம் பகுதி நினைவாற்றலை ஆராய்ந்து, கடைசி மூன்று பகுதிகளும் தொடக்கநூலின் முதல் அதிகாரத்துக்கு விளக்கமாக அமைவதில்தான் நூலின் கருத்து நிறைவடைகிறது. பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் மெய்யியல் நூலொன்றால் உண்மைத் தேடலுக்குத் தூண்டப்பட்டவர், பாலைநிலத் துறவி அந்தோனியாரின் வரலாற்றைப் படித்து வாழ்வை மாற்றிக்கொண்ட அரசு அலுவலர் இருவரைப் பற்றிக் கேட்டு உள்ளம் கலங்கியவர், 386இல் மிலான் தோட்டத்தில் பவுலின் திருமுகத்தைத் திறந்தவர், இறுதியில் தம் கதையைப் பேசுவதை நிறுத்திவிட்டுத் திருமறையை விளக்கத் தொடங்குகிறார். ஒரு நூல் மற்றொரு நூலுக்கு இட்டுச்சென்று, எல்லாம் திருமறையில் வந்து சேரும் பயணமாகவே அவ்வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது.

தியானத்துக்கு, தமிழில் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்று வழங்கும், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமஸ் கெம்பிஸ் எழுதிய நூல் பல சபையினராலும் போற்றப்படுவது. புலமைச் செருக்கை அடக்குவதில் அதற்கு நிகர் அரிது. அதன் நான்காம் பகுதி நற்கருணையைப் பற்றியதாதலால் சீர்திருத்தச் சபைப் பதிப்புகள் பலவற்றில் அது விடப்பட்டிருக்கிறது. முழுமையான பதிப்பைத் தேடிப் படிப்பதே நேர்மை. மன்றாட்டில் மேலும் ஆழ விரும்புவோருக்கு, அவிலாவின் தெரேசா 1577இல் ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாக உருவகித்து எழுதிய 'உள்ளரண்மனை' துணைசெய்யும். ஆனால் இவ்விரு நூல்களும் உள்நோக்கிய பயணத்தையே முதன்மையாகப் பேசுபவை. சமூகமும் அரசும் நம்பிக்கையாளர்மீது சுமத்தும் கேள்விகளுக்கு அவற்றில் நேரடி விடை இல்லை.

அந்த இடத்தை நிரப்புவது தீத்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட 'சீடத்துவம்'. நாசி ஆட்சிக்கு உட்பட மறுத்த சபையினருக்காகப் பின்கன்வால்டே என்னும் இடத்தில் இயங்கிய குருமாணவர் பயிற்சிக் கூடத்தில் அவர் நடத்திய பாடங்களிலிருந்து உருவான அந்நூல், மலைப்பொழிவை வரிவரியாக எடுத்து விளக்குகிறது. மலிவான அருள், விலைமிக்க அருள் என்னும் அதன் பாகுபாடு புகழ்பெற்றது. மனமாற்றத்தையும் கீழ்ப்படிதலையும் கேட்காமல் மன்னிப்பை மட்டும் வழங்குவதாகப் பேசும் போதனையை மலிவான அருள் என்றும், கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்காக வாழ்வையே கேட்கும் அருளை விலைமிக்கது என்றும் அவர் வேறுபடுத்துகிறார். அக்கூடத்தை 1937இல் காவல்துறை மூடியது. ஆசிரியர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். கெம்பிஸைப் படித்தவர் போன்ஹோஃபரையும் படிக்க வேண்டும். போன்ஹோஃபரைப் படித்தவர் கெம்பிஸிடம் திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் போதுமென்று நினைப்பவரிடம், உலகை மறந்த பக்தியோ பக்தியை மறந்த செயலோ தங்கிவிடும்.

பழைய நூலும் பிற சபையின் நூலும்

தெரிவு செய்வதில் இரண்டு சாய்வுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, புதியவற்றின்மேல் உள்ள சாய்வு. 1944இல் அத்தனாசியாரின் நூல் ஆங்கிலத்தில் புதிதாக மொழிபெயர்க்கப்பட்டபோது அதற்கு முன்னுரை எழுதிய சி. எஸ். லூயிஸ், ஒரு புதிய நூலைப் படித்தபின் ஒரு பழைய நூலைப் படிக்காமல் அடுத்த புதிய நூலுக்குச் செல்லக்கூடாது என்றும், அது இயலாதெனில் மூன்று புதியவற்றுக்கு ஒரு பழையதையாவது படிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய குருட்டுத்தன்மை உண்டு. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்ப்பவர்கள்கூட அறியாமலே ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதைக் காட்ட வேறொரு காலத்தின் குரல் தேவை என்பது அவருடைய காரணம். பழையவர்களும் பிழை செய்தார்கள், ஆனால் அவர்களுடைய பிழைகள் இன்றைய பிழைகள் அல்ல என்பதால் அவை எளிதில் கண்ணுக்குப் புலப்படும்.

இரண்டாவது, தம் சபையின்மேல் உள்ள சாய்வு. வெஸ்லி 1749 முதல் 1755 வரை ஐம்பது தொகுதிகளாக வெளியிட்ட 'கிறிஸ்தவ நூலகம்' இதற்கு மருந்தாக அமைந்த முயற்சி. திருத்தூதர்களுக்கு அடுத்த தலைமுறையினரான கிளமெந்து, இஞ்ஞாசியார் ஆகியோரில் தொடங்கி, கீழைத் துறவி மக்காரியுஸ், ஜெர்மன் லூத்தரன் சபையின் யோகான் ஆர்ண்ட், ஆங்கிலத் தூய்மைவாதிகள், கத்தோலிக்கர்களான பாஸ்கல், சகோதரர் லாரன்ஸ் எனப் பலரையும் சுருக்கித் தொகுத்து, எளிய உபதேசிகளின் கையில் அவர் கொடுத்தார். சுருக்கும்போது தம் கொள்கைக்கு ஒவ்வாதவற்றை நீக்கினார் என்பது அம்முயற்சியின் வரம்பு. அவ்வகையில் காசியோடோருஸின் ஓரக்குறி அதைவிட மேலானது. ஆயினும் சபைப் பிளவுகள் கசப்பு மாறாதிருந்த ஒரு நூற்றாண்டில், பிற சபையினரிடமும் தூய்மை உண்டு என்பதை நூல்வழியே ஒப்புக்கொண்ட துணிவு போற்றத்தக்கது.

தமிழில் இந்த ஒழுங்கு

தமிழ் அச்சுநூல்களின் தொடக்கமே கிறிஸ்தவ வாசிப்பின் ஒழுங்கோடு பிணைந்தது. அண்டிரிக் அடிகளார் என்று வழங்கப்பட்ட போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வாழ்ந்த மக்களுக்காக 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்கள் கொண்ட ஞானோபதேசச் சிறுநூல். அடுத்த ஆண்டு கொச்சியில் விரிவான ஞானோபதேசமான 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் அடியார்களின் வரலாறுகளைக் கூறும் பெருநூல் வந்தது. மன்றாட்டும் கோட்பாடும் முதலில், அவற்றை வாழ்ந்து காட்டியவர்களின் வரலாறு அடுத்து என்னும் வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை; பெனடிக்டின் மடத்தில் இருந்த அதே புரிதல், கடலோடிகளின் ஊர்களிலும் செயற்பட்டிருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மறைபரப்பாளர் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715க்குள் அச்சிட்டு முடித்தார். அதற்கு முன்பே, 1708இல், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு விளக்கத்தோடு ஓர் அட்டவணை தயாரித்து, திருக்குறள் முதலான நூல்களை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தார். திருமறையைப் பிறருக்குத் தர வந்தவர் அந்தப் பிறரின் நூல்களை முதலில் படித்தார்.

துணைநூல் ஒன்றைப் பெற்றுக்கொள்வதன் மிக உயர்ந்த வடிவத்தை எச். ஏ. கிருஷ்ணபிள்ளையிடம் காணலாம். ஆங்கிலேயப் பாத்திரத் தொழிலாளி ஜான் பனியன், அனுமதியின்றி உபதேசித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழித்தவர். 1678இல் அவர் வெளியிட்ட 'மோட்சப் பயணம்', அழிவின் நகரிலிருந்து விண்ணக நகர் நோக்கி நடக்கும் ஒருவனின் கதையை உரைநடையில் சொல்லும் உருவகநூல். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய கிருஷ்ணபிள்ளை, அதைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை வெளியிட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில், பருவங்களும் படலங்களும் வகுத்து, பனியனின் கதைப்போக்கை ஏற்றுக்கொண்ட அவர், மூலத்தில் விரிவாக இடம்பெறாத கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழ்ப் பக்தி மரபின் உருக்கத்தோடு பாடி இணைத்தார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களையும் அமைத்தார். பனியனை அவர் ஒப்பித்திருந்தால் ஒரு மொழிபெயர்ப்பு மட்டுமே கிடைத்திருக்கும். தம் மரபின் முழு வளத்தையும் கொண்டு பனியனைப் படித்ததால், பனியன் தொடாத இடத்தையும், நற்செய்தியின் மையத்தையும் அவரால் தொட முடிந்தது. தமிழ் வாசகர் பனியனையும் கிருஷ்ணபிள்ளையையும் அடுத்தடுத்துப் படிப்பது, ஒரே நம்பிக்கை இரு மொழிகளில் எவ்வாறு வேர்கொள்கிறது என்பதை அறிய ஏற்ற வழி.

படிப்பின் அளவுகோல்

படிக்கும் முறை பற்றி மரபு தரும் அறிவுரை ஒருமுகமானது. 12ஆம் நூற்றாண்டுக் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, வாசிப்பு, சிந்தனை, மன்றாட்டு, ஆழ்நிலைத் தியானம் என்னும் நான்கு படிகளை வகுத்து, முந்தியது இல்லாமல் பிந்தியது இல்லை என்றும், பிந்தியதை எட்டாத முந்தியதால் பயன் குறைவு என்றும் விளக்கினார். அதே நூற்றாண்டில் பாரிஸ் நகரின் புனித விக்டர் மடத்து ஹியூகோ, கற்பவருக்குரிய முதற்பண்பு பணிவு என்றும், எந்த நூலையும் இழிவாக எண்ணாமல், யாரிடமும் கற்க வெட்கப்படாமல், கற்றபின் பிறரை ஏளனம் செய்யாமல் இருப்பதே அப்பணிவு என்றும் எழுதினார். லூத்தரின் 1539 முன்னுரை, மன்றாட்டையும் சிந்தனையையும் அடுத்து மூன்றாவதாகச் சோதனையைச் சேர்க்கிறது. துன்பத்தில் உரைத்துப் பார்க்கப்படாத படிப்பு இறையியலாளரை உருவாக்காது என்பது அவர் கண்ட உண்மை.

இவை அனைத்துக்கும் அளவுகோலாக அமைவது அகுஸ்தீன் தம் நூலின் முதற்பகுதியில் நிறுவும் விதி. திருமறை முழுவதன் நோக்கமும் கடவுளன்பும் பிறரன்புமே; ஆகவே அந்த இரட்டை அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கத்தைக் கண்டடைந்தவர் திருமறையை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றையும் உறுதியாகப் பற்றிக்கொண்டவருக்குப் பிறருக்குக் கற்பிப்பதற்காக அன்றித் திருமறை நூல்களும் தேவைப்படுவதில்லை என்றும், பாலைநிலத்தில் பலர் நூலின்றியே அவ்வாறு வாழ்கிறார்கள் என்றும் அவர் துணிந்து கூறுகிறார். திருமறைக்கே இந்த அளவுகோல் பொருந்துமென்றால், துணைநூல்களுக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

எனவே கிறிஸ்தவ வாசிப்புக்கு ஒழுங்கு தேடுபவர், நாள்தோறும் திருமறை, அதனோடு ஒரே ஒரு துணைநூல், அதுவும் முழுமையாக, தொடர்ந்து தம் காலத்துக்கு அப்பாற்பட்ட ஒன்று, தம் சபைக்கு அப்பாற்பட்ட ஒன்று என்று அமைத்துக்கொள்வது போதுமானது. ஆண்டின் முடிவில் எத்தனை நூல்கள் முடிந்தன என்று கணக்கிடுவதைவிட, தம்மோடு கருத்து வேறுபடுகிறவரிடம் பொறுமை கூடியிருக்கிறதா, எளியவரின் தேவை முன்பைவிட விரைவாகக் கண்ணில் படுகிறதா, மன்றாட்டில் தம்மைப் பற்றிய பேச்சு குறைந்திருக்கிறதா என்று ஆராய்வதே உரிய தணிக்கை. இக்கேள்விகளுக்கு ஆம் என்று விடை தரும் வாசிப்பு, பட்டியலில் ஒரேயொரு நூலைக் கடந்திருந்தாலும், தன் வேலையைச் செய்திருக்கிறது.